ஜே கே பி ஓ செமிகோலன்

சார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பென் டிரைவில் நான் கொண்டுபோன கோப்பை அவர் தன் மடிக்கணினியில் திறந்தார். திறந்ததுமே அந்தக் கணினிக் குரல் மூச்சு வாங்காமல் ஆரம்பித்தது: "ஜே கே பி ஓ செமிகோலன் ஈ ஹெச்..." சார் கீழ் அம்புக்குறியைத் தட்டினார். அடுத்த வரியும் அதே லட்சணம்தான். நாலைந்து வரி பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தம்பி, இது என்ன பாஷை?"

"தமிழ்தான் சார்" என்றேன். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஜே என்றால் 'த', கே என்றால் 'ம', பி இகரத்தின் கொக்கி, ஓ 'ழ', செமிகோலன் தலையில் வைக்கிற புள்ளி. ஐந்தையும் சேர்த்தால் 'தமிழ்'. அடுத்து வந்த ஈ, ஹெச் இரண்டும் 'நா'. என் கையேடு 'தமிழ்நாட்டில்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. திரையில் பார்த்தால் அழகான தமிழ். கோப்புக்குள் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். கோப்பைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் உள்ளே இருப்பதைத்தானே படிக்கும்? சார் பார்வையற்றவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாணவர்கள் அனுப்பும் கட்டுரைகளில் கமா விட்டுப்போனதைக்கூடப் பிடிப்பதற்காக நிறுத்தற்குறிகளையும் சொல்லும்படி வைத்திருக்கிறார். அதனால் செமிகோலனும் ஒன்று விடாமல் வந்தது.

இதில் கூத்து என்னவென்றால், அந்தக் கோப்பு அதற்கு முந்தின நாள்தான், மாற்றுத்திறனாளிகளும் படிக்க முடிகிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைச் சோதனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறியிருந்தது. எல்லா வரியிலும் பச்சை டிக். அதைப் படம் பிடித்து எங்கள் டிடிபிக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் வேறு போட்டிருந்தேன்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

மதுரையில் பேஜ்மேக்கர் காலத்திலிருந்து பக்கம் கட்டிக்கொண்டிருப்பவன் நான். பட்டர் பேப்பரில் பிரின்ட் எடுத்துப் பிரஸ்ஸுக்கு ஓடிய தலைமுறை. மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் ஓர் அறக்கட்டளைக்கு ஏற்கெனவே இரண்டு பதிப்பு அடித்துக் கொடுத்த கையேடு ஒன்று உண்டு. 112 பக்கம், டெம்மி அளவு, ஏழு பாரம். எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, யுடிஐடி அடையாள அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது மாதிரி விஷயங்கள். மூன்றாம் பதிப்புக்கு வந்த மின்னஞ்சலில் கடைசியில் புதிதாக ஒரு வரி: "அச்சுப் பிரதியோடு, அணுகல்தன்மைத் தரத்துக்கு உட்பட்ட பிடிஎஃப் ஒன்றும் வேண்டும்."

எந்தத் தரம் என்று போன் போட்டுக் கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் அம்மா சிரித்தார். "அதை எங்ககிட்ட கேட்டா எப்படி சார், நீங்களே நல்லதாப் பார்த்து ஒண்ணு போடுங்க." எழுபது ஜிஎஸ்எம் போடுவதா எண்பது போடுவதா என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும். சரி, காகிதம் மாதிரிதான் இதுவும் என்று நினைத்துத் தேட உட்கார்ந்தேன். மூன்று ராத்திரி போனது.

முதலில் கண்ணில் படுவது டபிள்யூசிஏஜி. துறைக்காரர்கள் 'விகாக்' என்கிறார்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடுவது. 2.0 பதிப்பு 2008இல் வந்தது, 2.1 2018இல், 2.2 2023இல். ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று மூன்று நிலை. உலகத்தில் பாதிப் பேர் சட்டத்தில் எழுதி வைத்திருப்பது டபுள் ஏ. நம் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகளின் மூன்றாம் பதிப்பும் 2.1 டபுள் ஏ-யைத்தான் சொல்கிறது. ஆனால் அது பிறந்தது இணையப் பக்கங்களுக்காக. ஆவணங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம், பார்க்கிறார்கள்.

அடுத்தது பிடிஎஃப்/யுஏ. 2012இல் வந்த ஐஎஸ்ஓ 14289. இது பிடிஎஃப்புக்கென்றே எழுதப்பட்டது. இரண்டாம் பாகம் 2024இல் வந்திருக்கிறது. மூன்றாவது, மின்னூல் வடிவமான இபப்புக்குரிய அணுகல்தன்மைத் தரம். அப்புறம் நம் ஊர்க் கணக்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802. அதன் முதல் பாகம் 2021, இரண்டாவது 2022. ஐரோப்பாவின் இஎன் 301 549 என்ற தரத்தை ஒட்டி எழுதியது. அந்த ஐரோப்பியத் தரத்தின் வயிற்றுக்குள் டபிள்யூசிஏஜி இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் சுற்றிச் சுற்றி அந்த வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறோம்.

எது பெரியது என்ற கேள்வியோடு படித்ததால் முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டபோது பிடிபட்டது. டபிள்யூசிஏஜி பந்தியில் உட்கார்ந்தவர் பக்கம் நின்று பேசுகிறது. இலையில் என்ன விழ வேண்டும் என்பதுதான் அதன் கவலை. பிடிஎஃப்/யுஏ அடுக்களையில் நின்றுகொண்டு சமையல்காரரிடம் பேசுகிறது. எந்தப் பாத்திரம், எந்த வரிசை, எதற்கு மூடி போட வேண்டும் என்று. உதாரணத்துக்கு, பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையில் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று டபிள்யூசிஏஜி டபுள் ஏ கேட்கிறது. பெரிய எழுத்தென்றால் 3:1 போதும். பிடிஎஃப்/யுஏ அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. என்னுடைய இரண்டாம் பதிப்பில் மஞ்சள் பட்டையின் மேல் ஆரஞ்சு நிறத்தில் தலைப்பு வைத்திருந்தேன். பிடிஎஃப்/யுஏ-வில் அது தேறிவிடும். பார்வை மங்கலானவர் ஒருவர் அதைக் கையில் வாங்கினால் தலைப்பே இல்லாத பக்கம் என்றுதான் நினைப்பார்.

இது தெரிந்தும் முதலில் நான் தேர்ந்தெடுத்தது பிடிஎஃப்/யுஏ-வைத்தான். காரணம் சோம்பல். அதற்கு இலவசச் சோதனை மென்பொருள் கிடைக்கிறது, பேக் என்று பெயர். கோப்பை இழுத்துப் போட்டால் நிமிடத்தில் தீர்ப்பு. அந்தச் சோதனைகளுக்கு அடிப்படையாக மேட்டர்ஹார்ன் நெறிமுறை என்று ஒரு பட்டியல் இருக்கிறது: 31 தலைப்பு, அவற்றின் கீழ் 136 விதமான தவறுகள். அதே பட்டியல், இவற்றில் ஒரு பகுதியை மனிதர் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த வரியை நான் படித்தேன், தாண்டிப் போனேன்.

டேக் போடும் வேலை ஒரு வாரம் பிடித்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண பிடிஎஃப்புக்கு எது தலைப்பு, எது பத்தி என்று தெரியாது. இந்த இடத்தில் இந்த வடிவத்தை வரை என்ற கட்டளைகள்தான் உள்ளே இருக்கும். டேக் என்பது ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒட்டுகிற சீட்டு: இது முதல்நிலைத் தலைப்பு, இது பட்டியல், இது அட்டவணையின் தலைப்புக் கட்டம். 2001இல் வந்த பிடிஎஃப் 1.4இலிருந்தே இந்த வசதி உண்டு. அத்தனை வருடம் தொழில் பார்த்தும் நான் அந்த மெனுவைத் திறந்ததில்லை. பக்க எண்ணையும் பக்கத்தின் மேலே ஓடும் நூல் பெயரையும் 'படிக்க வேண்டாம்' என்று ஒதுக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்துக்குப் பக்கம் வாக்கியத்தின் நடுவில் கையேட்டின் பெயர் வந்து விழும். படங்களுக்கு, அவற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரை எழுத வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகை மாற்றுத்திறன்களை நான் ஓர் அட்டவணைக்குள் கட்டங்களை இணைத்து இணைத்து ஒரே பக்கத்தில் அடக்கியிருந்தேன். பழைய 1995 சட்டத்தில் இருந்தது ஏழே வகை. அந்த வசதி இப்போது இல்லை. இணைத்த கட்டங்களையெல்லாம் பிரித்து, மூன்று பக்கத்துக்கு நீட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எது தலைப்பு என்று சொன்னேன். பச்சை டிக் விழுந்தது.

அப்புறம்தான் திண்ணை.

எழுத்தெல்லாம், உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக எண் கொடுக்கும் யுனிகோடுக்கு மாறக்கூடியதாக இருக்க வேண்டும் என்று பிடிஎஃப்/யுஏ கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஆங்கில ஜே-யும் யுனிகோடில் உள்ள எழுத்துதானே? அதனால் மென்பொருளுக்குத் தப்பு தெரியவில்லை. மொழி 'தமிழ்' என்று நான் குறித்திருந்தேன், எழுத்து யுனிகோடு, டேக் சரி. எல்லாம் சரியாக இருந்து ஒன்றும் சரியாக இல்லாத கோப்பு அது. தரத்தை எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு மொழிக்காரர்கள் ஆங்கிலத்தின்மேல் தங்கள் எழுத்தைப் பூசி முப்பது வருடம் அச்சடிப்பார்கள் என்று அவர்கள் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

நாம் ஏன் அப்படிச் செய்தோம் என்பது வேறு கதை. தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் அடிக்க வேறு வழியில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களை அறிவித்தது. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். பிறகு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அதே சமயத்தில், யுனிகோடுதான் தரம், அது வேலை செய்யாத இடத்தில் டேஸ்16 என்று அரசாணை வந்தது. டேஸ்16 தமிழின் எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் கொடுக்கிறது, பக்கம் கட்டுகிறவனுக்குச் சொர்க்கம். ஆனால் அந்த இடங்கள் யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன. அங்கே இருக்கும் எழுத்துக்கு என்ன ஒலி என்று உலகத்துக்குப் பொதுவாக யாரும் சொல்லி வைக்கவில்லை. காதால் படிப்பவருக்கு அதுவும் உதவாது. அரசாணை வந்து இத்தனை வருடம் ஆகியும் என் மேசைக்கு வரும் மேட்டரில் பாதி பாமினியிலோ வானவில்லிலோதான் வருகிறது. கேட்டால், "ஆபரேட்டர் பழகிட்டார்" என்பார்கள். நானும் ஓர் ஆபரேட்டர்தானே, என்ன சொல்ல?

112 பக்கத்தையும் மாற்றினேன். மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கிவிடும். ஒரு மருத்துவச் சோதனையின் ஆங்கிலச் சுருக்கம் 'ஆசுசை' மாதிரி ஏதோ ஒன்றாக மாறி உட்கார்ந்திருந்தது. வரி வரியாகப் படித்துத் திருத்த இரண்டு வாரம்.

மறுபடி திண்ணை. இந்த முறை குரல் தமிழ் பேசியது. சார் பயன்படுத்துவது என்விடிஏ, ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர்கள் இருவர் 2006இல் தொடங்கிய இலவச ஸ்கிரீன் ரீடர். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற பெயரில் இதமான தமிழ்க் குரல் ஒன்று இருக்கிறதே சார் என்று கேட்டேன். "வள்ளுவர் நிதானமானவர் தம்பி, எனக்கு அவசரம்" என்றார். அவர் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் மட்டும் திடீர் திடீரென்று நிறுத்தினார்.

"இங்கே 'கொடுக்க வேண்டும்'னு இருக்கணும். கால் தனியா, கொம்பு தனியாக் கேக்குது."

கோப்பைத் திறந்து 'கொடுக்க' என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கண்ணெதிரே இருபது இடத்தில் இருக்கிறது, தேடினால் இல்லை. 'கொ' என்பது யுனிகோடில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. கண்ணுக்கோ கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. பிடிஎஃப் ஆகும்போது அந்தத் துண்டுகளை வரைகிற வரிசையிலேயே எழுத்தையும் பதிந்துவிட்டால் கொம்பு முன்னால் வந்துவிடும். கொம்பு முன்னால் வரும் எழுத்து எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு: கெ, கே, கை, கொ, கோ, கௌ. தமிழில் ஒரு வரிக்கு எத்தனை 'கை', 'லை', 'கொ' வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். இதற்குப் பிடிஎஃப்பிலேயே மருந்து இருக்கிறது. வரைந்தது எப்படி இருந்தாலும், உண்மையான உரை இதுதான் என்று பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். சில மென்பொருள்கள் ஏற்றுமதி செய்யும்போது தாமாகவே அதை எழுதுகின்றன, சில எழுதுவதில்லை. அதே மென்பொருளில் பத்தி அமைப்பை மாற்றினாலும் விளைவு மாறுகிறது. நான் நாலு விதமாக ஏற்றுமதி செய்து, ஒவ்வொன்றிலும் 'கொடுக்க' என்று தேடித் தேடித்தான் சரியானதைக் கண்டுபிடித்தேன்.

இந்தப் பிழைக்கும் சோதனை மென்பொருள் பச்சை டிக்தான் போட்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாரிடம் கற்றுக்கொண்ட இன்னொன்று. ஆவணத்தின் மொழியைக் குறிக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜியின் முதல் நிலையிலேயே இருக்கிறது, நடுவில் வேறு மொழி வந்தால் அதையும் குறி என்பது டபுள் ஏ. நான் ரொம்ப விசுவாசமாக, கையேட்டில் வந்த ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் 'இது ஆங்கிலம்' என்று சீட்டு ஒட்டியிருந்தேன். சார் இரண்டு பத்தி கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார். "ஒரு சொல்லுக்கு ஒரு தடவை குரல் மாறுது. வீட்டுக்குள்ள ரெண்டு பேர் சண்டை போடுற மாதிரி இருக்கு." வீட்டுக்கு வந்து விதியை மறுபடி படித்தேன். இயற்பெயர்கள், துறைச் சொற்கள், சுற்றியுள்ள மொழியின் புழக்கத்துக்கே வந்துவிட்ட சொற்கள் ஆகியவற்றுக்குக் குறிக்கத் தேவையில்லை என்று விதிவிலக்கு அங்கேயே இருக்கிறது. சார் விதியைப் படித்ததில்லை, காது சொன்னதைச் சொன்னார். ஒட்டிய சீட்டையெல்லாம் பிய்த்தேன். முழு ஆங்கில வாக்கியம் வரும் இரண்டு இடத்தில் மட்டும் விட்டுவைத்தேன்.

சரி, முடிந்தது என்று கோப்பை அனுப்பினேன். முடியவில்லை. சாரின் பழைய மாணவர் ஒருவர், அவரும் பார்வையற்றவர், வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினார். போனில் திறந்தால் ஒரு பக்கம் முழுக்க ஒரே மூச்சாகப் படிக்கிறதாம், தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியவில்லையாம். ஒரு வாரம் உட்கார்ந்து ஒட்டிய சீட்டுகள் அவர் போனில் இருந்த செயலிக்குத் தெரியவே இல்லை. அவரிடம் கணினி கிடையாது. அறக்கட்டளையில் விசாரித்தேன். இந்தக் கையேட்டைக் கேட்டு வருகிறவர்களில் கணினி வைத்திருப்பவர் அபூர்வம் என்றார் அந்த அம்மா. எல்லாருக்கும் போன்தான். இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எந்தத் தரம் என்று கேட்டேனே தவிர, எதில் படிப்பார்கள் என்று கேட்கவில்லை.

அங்கேதான் இபப் பக்கம் திரும்பினேன். இபப் என்பது பெட்டிக்குள் கட்டி வைத்த இணையப் பக்கங்கள்தான். போன் அகலத்துக்கு ஏற்ப வரி மடங்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். உரை யுனிகோடாகவே அப்படியே கிடக்கிறது, கொம்பு முன்னால் ஓடும் வம்பு கிடையாது. இணையப் பக்கங்கள் என்பதால் டபிள்யூசிஏஜியை வளைக்காமல் நேராகப் பொருத்தலாம். 2023இல் வந்த இபப் அணுகல்தன்மை 1.1 தரம் குறைந்தபட்சம் டபிள்யூசிஏஜி 2.0இன் ஏ நிலையைக் கேட்கிறது, டபுள் ஏ இருந்தால் நல்லது என்கிறது. கூடவே இந்த நூலில் என்னென்ன வசதி உண்டு என்பதைக் கோப்புக்குள்ளேயே அறிவிக்கச் சொல்கிறது. அச்சுப் பக்க எண்களையும் உள்ளே பதியலாம். இதைச் சொன்னபோது சார் முகம் மலர்ந்தது. வகுப்பில் "37ஆம் பக்கத்தை எடுங்கள்" என்று யாராவது சொன்னால் தான் மட்டும் திக்குத் தெரியாமல் உட்கார்ந்திருந்த காலத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

இப்போது என் மதிப்பீட்டுப் பட்டியலில் இப்படி எழுதிக் கொடுக்கிறேன். படிக்கும் பிரதி இபப், டபிள்யூசிஏஜி 2.1 டபுள் ஏ. பிடிஎஃப்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவருக்கு பிடிஎஃப்/யுஏ முதல் பாகம், அதோடு அதே டபிள்யூசிஏஜியின் நிற வேறுபாடு முதலான விதிகள். 2.2 வந்துவிட்டதே என்றால், அதில் கூடுதலாக வந்தவை பெரும்பாலும் பொத்தான்களுக்கும் படிவங்களுக்கும் கடவுச்சொல்லுக்கும் ஆனவை, என் கையேட்டில் அவை இல்லை. பிடிஎஃப்/யுஏ இரண்டாம் பாகத்தை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. அது பிடிஎஃப் 2.0இன் மேல் நிற்கிறது. என் வாசகர்கள் கையில் இருக்கும் பழைய மென்பொருள்களை நினைத்தால் எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் வரியாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: 'மேட்டர் யுனிகோடில் வர வேண்டும். இல்லையென்றால் மாற்றக் கூலி தனி.' கூலி தனி என்று போட்டதும் நாலு பேர் யுனிகோடில் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அரசாணை செய்யாததை ஐயாயிரம் ரூபாய் செய்கிறது. கோப்பை ஒப்படைக்கும் முன் நான் செய்கிற சோதனையும் இரண்டு சொல்தான். 'தமிழ்' என்று தேடுவேன், 'கொடுக்க' என்று தேடுவேன். இரண்டும் அகப்பட்டால்தான் மற்றச் சோதனைக்கே போவேன்.

பிடிஎஃப்பை அவ்வளவு சுலபமாக ஒதுக்கவும் முடியாது. 2016 சட்டத்தின் கீழ் 2017இல் வந்த விதிகளில் 15ஆவதில், இணையதளத்தில் ஏற்றும் ஆவணங்கள் இபப் வடிவிலோ, ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) அடிப்படையிலான பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று இருந்தது. இபப்பை அப்போதே சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அந்த 'ஓசிஆர்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, ஸ்கேன் எடுத்து ஓசிஆர் ஓட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்க எவ்வளவு வசதி! தமிழ் ஓசிஆர் முன்னைவிட எவ்வளவோ தேறிவிட்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்கேன் மங்கலாக இருந்தால் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுதான் அதற்கு. நம் எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டுக்கும் வடிவமும் ஒன்றுதானே. கண்ணால் படிக்கிறவர் வாக்கியத்தை வைத்து ஊகித்துவிடுவார். குரல் ஊகிக்காது. அப்புறம் முத்திரை, கையெழுத்து, ஓரத்தில் எழுதிய குறிப்பு எல்லாம் உரையோடு கலந்து ஒரு கூழாக வந்து சேரும். தலைப்பு, அட்டவணை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த 15ஆம் விதியின் முதல் உட்பிரிவைத்தான் 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு முரணானது என்று சொல்லிவிட்டது. கட்டாயமாக இருக்க வேண்டியதை வெறும் பரிந்துரையாக எழுதி வைத்திருக்கிறீர்கள், மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளைப் பிரித்து எழுதுங்கள் என்றது. அடுத்த வருடம் ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது. தீர்ப்புச் செய்தியைச் சாருக்குப் படித்துக் காட்டலாம் என்று போன் செய்தேன். அவர் முந்தின நாளே முழுத் தீர்ப்பையும் கேட்டு முடித்திருந்தார். ஆங்கிலத்தில். "கோர்ட்டுக்காரங்க பிடிஎஃப் நல்லா இருக்கு தம்பி, பாரா நம்பரெல்லாம் சரியா வருது. உன் அட்டவணையிலதான் ரெண்டாவது பக்கத்துல தலைப்பு விட்டுப்போகுது."

பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது. அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தாண்டும்போது தலைப்பு வரிசை கண்ணுக்குத் திரும்ப வருகிறது, டேகில் வேறு அட்டவணையாகப் பிரிந்துவிட்டிருந்தது. ஒட்டிச் சரிசெய்தேன்.

போன வாரம் நாலாம் பதிப்புக்கு மேட்டர் வந்தது. எல்லாம் யுனிகோடு, சுத்தமாக இருக்கிறது. கடைசியில் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொல்லி ஓர் அரசாணையின் நகல், ஆறு பக்கம், போனில் எடுத்த படம். அப்படியே படமாகப் போட்டுவிடலாமே என்று அந்த அம்மா கேட்டார். மாற்று உரையில் என்ன எழுதுவது, 'அரசாணை' என்றா? ஓசிஆர் ஓட்டிப் பார்த்தேன், முதல் வரியிலேயே எண் தப்பு. உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். இப்போது நாலாம் பக்கத்தில் இருக்கிறேன். வட்ட முத்திரை ஒன்று சரியாக ஒரு வரியின் மேல் விழுந்து, தொகையை மறைத்திருக்கிறது. நாளைக்குக் காலையில் அந்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய் மூலத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.